வெள்ளியில் ஒரு ஜோடி கிட்னி

உக்காருங்க தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல உக்காருங்க. சுகுணா வந்துருவா. ஜெராக்ஸ் கடை பஸ் ஸ்டாண்டுகிட்டத்தான் இருக்குது. ஆனா அங்க கரண்டு இருக்கோணும், கரண்டு இருந்தா மிஷினுல மை இருக்கோணும், ரண்டும் இருந்தா கடைக்காரன் இருக்கோணும். எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும்.

போறப்ப எங்கிட்ட என்ன சொல்லிப்போட்டுப் போனா தெரியுங்களா? நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு இருந்தீங்க, உங்க காதுல விழுந்திருக்காது. "அக்கா, இன்சூரன்சு கம்பெனியில இருந்து விசாரிக்க வந்திருக்கறாங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தண்ணி மட்டும் குடுங்க"ன்னா. எப்படி இருக்குது பாருங்க. நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருசம். அவ வந்து இருவத்திரண்டு. என்னூட்டுல ஒரு மனுசர் வந்து உக்காந்தா நான் வாயை மூடிக்கிட்டுத் தண்ணி குடுக்கோணுமாம். இந்தாங்க, குடிங்க. பானைத் தண்ணிதான், சளி புடிக்காது.

என் பேரு பாவாத்தாள். செத்துப்போன சென்னியப்பன் எனக்குக் கொழுந்தன். எங்கூட்டுக்காரரோட கூடப்பொறந்த தம்பி. எழுதிக்கிறீங்களா? எழுதிக்குங்க. வயசு அம்பத்தெட்டு. படிப்பு அஞ்சாவது. கையெழுத்து நல்லாப் போடுவன், கைநாட்டுன்னு நெனைச்சுப்போடாதீங்க.

அவனுக்கு ஒடம்பு எப்படி இருந்துச்சுன்னுதான கேக்கறீங்க? அதை எங்கிட்டத்தான் கேக்கோணும். சுகுணாவுக்கு என்ன தெரியும், அவளுக்கு அழுகத்தான் தெரியும்.

நீங்க எதுக்கு வந்திருக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. எங்க எதிர்த்த ஊட்டுல மாடு செத்தப்ப இன்சூரன்சுல இருந்து ஒருத்தரு வந்தாருங்க. காதுல அடிச்ச வில்லை எங்கன்னாரு, குடுத்தாங்க. மாட்டு டாக்டரைக் கூப்பிட்டீங்களா, ஊசி போட்டீங்களா, மருந்துச் சீட்டு எங்கன்னாரு. சீட்டு இல்லை. வைத்தியமே பாக்காம மாட்டைச் சாக உட்டுப்போட்டுப் பணத்துக்கு வந்து நிக்கறீங்களான்னு கேட்டுப்போட்டுப் போயிட்டாரு. ஒத்தைப் பைசா வரலை. மாட்டுக்கே அப்படின்னா மனுசனுக்கு எத்தனை கேப்பீங்க? நல்லாப் பாத்தாங்களா, இல்லை கவனிக்காம உட்டுப்போட்டாங்களான்னு பாக்கத்தான் உங்களை அனுப்பியிருக்கறாங்க. நான் சொல்றன், எழுதிக்குங்க. இந்த ஊட்டுல அவனைப் பாத்த மாதிரி எந்த ஊட்டுலயும் ஒரு சீக்காளியைப் பாத்திருக்க மாட்டாங்க.

சென்னியப்பன் ரிக் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தான். போர் போடற வண்டி. திருச்செங்கோட்டுல இருந்து கெளம்பினா ஆந்திரா, சத்தீஸ்கரு, அதுக்கும் அக்கட்ட. எட்டு மாசம் ஊடு தங்க மாட்டான். ஒருக்கா தை நோம்பிக்கு வந்தான் பாருங்க, செருப்பு காலுல ஏறலை. காலு ரண்டும் வீங்கிக் கெடக்குது. வெரலை வெச்சு அமுக்கினன், குழி உளுந்தது அப்படியே நிக்குது. சுகுணா என்ன சொல்றா, வண்டியில உக்காந்தே வந்ததுல நீர் கோத்திருச்சுங்கறா. நான்தான் சத்தம் போட்டு ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னன். போனமா, ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. கிட்னி ரண்டும் சுருங்கிப் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. உப்பைத் தொடப்படாது, தண்ணியே அளந்துதான் குடிக்கோணும்.

அன்னிக்கிருந்து அவனுக்கு ஆக்கிப் போட்டது ஆருங்க? நானு. எங்களுக்கு ஒரு சட்டி, அவனுக்கு ஒரு சட்டி. உப்பில்லாச் சோத்தை அவன் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டுத் திம்பான், நானும் அவங்கூட உக்காந்து உப்பில்லாமத் திம்பன். எனக்குப் புள்ளை குட்டி இல்லைங்க தம்பி. நான் கல்யாணம் முடிஞ்சு வந்தப்ப அவன் அரை டவுசர் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான். எனக்கு அவன்தான் புள்ளை. அதைச் சொன்னா சுகுணாவுக்குப் புடிக்காது.

சித்த இருங்க, எதுக்கு அவசரம், அவ வரட்டும். நேர்த்திக் கதையைச் சொல்லோணும் உங்களுக்கு. அதை எழுதாமப் போயிறாதீங்க.

எங்க கொலசாமி கோயில்ல ஒரு வழக்கம். கண்ணு சரியில்லைன்னா வெள்ளியில கண்ணு வாங்கிச் செலுத்தோணும். காலுன்னா காலு, கையின்னா கையி. வாசல் கடையில எல்லாம் தகட்டுல அடிச்சு வெச்சிருப்பாங்க. நான் போயிக் கிட்னி குடுங்கன்னு கேட்டன். கடைக்காரன் முழிக்கறான். வயிறு இருக்குது, வாங்கிக்கங்கங்கறான். வயித்துல சீக்கு இல்லைப்பா, வயித்தைக் குடுத்துட்டு வந்தா சாமி வயித்தைத்தான் சரி பண்ணும், கிட்னி அப்படியேதான கெடக்கும்னு சொன்னன். சிரிக்காதீங்க தம்பி, சாமிகிட்டக் கேக்கறதைச் சரியாக் கேக்கோணும்.

அப்பறம் வெள்ளி வேலை செய்யற ஆசாரிகிட்டப் போனன். அவரு எப்படி இருக்கும்னு கேட்டாரு. மொச்சைக்கொட்டை மாதிரி இருக்கும், கொஞ்சம் பெருசான்னு சொல்லி, ஊட்டுல இருந்து ஒரு மொச்சைக்கொட்டையைக் கொண்டுபோயி அவரு கையில குடுத்தன். மொத தடவை செஞ்சு வெச்சதைப் பாத்தா முந்திரிப்பருப்பாட்டம் இருக்குது. முந்திரிப்பருப்பைக் கொண்டுபோயி சாமிக்குக் குடுக்கறதான்னு திருப்பிச் செய்யச் சொன்னன். ரண்டாந் தடவை நல்லா வந்துச்சு. ஒரு ஜோடி. என் காதுல கெடந்த மாட்டலை வித்துத்தான் செஞ்சன். எங்கூட்டுக்காரருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

உண்டியல்ல போட்டுட்டுப் போங்கன்னாரு கோயில் கணக்கரு. நான் போடுவனா? நான் ரசீது இல்லாம எங்கயும் ஒரு பொருளைக் குடுத்ததில்லை. ரசீது போடுங்கன்னன். அவரு தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, என்னன்னு எழுதறதும்மாங்கறாரு. உள்ளதை எழுதுங்கன்னு பக்கத்துலயே நின்னு எழுத வெச்சன்.

இருங்க, சாமி படத்துக்குப் பின்னாலதான் வெச்சிருக்கறன். எடுத்தாறன்.

இந்தாங்க. குங்குமம் பட்டிருக்குது, பாத்துப் புடிங்க. படிக்கிறீங்களா, நான் சொல்லட்டுங்களா? எனக்கு மனப்பாடம். "சென்னியப்பன், விசாக நட்சத்திரம். வெள்ளி உருவம், சிறுநீரகம் இரண்டு. நோய் நீங்க வேண்டி. செலுத்தியவர் பாவாத்தாள்." அடியில கோயில் முத்திரை, தேதி. மாசி மாசம், மகா சிவராத்திரி முடிஞ்ச மக்யா நாளு, அடுத்த நாளு.

சாமி கைவிடலைங்க. ரண்டு மாசத்துல வீக்கம் வத்திப்போச்சு. நடந்தான், வண்டி ஆபீசுல உக்காந்து கணக்குப் பாத்துக்கிட்டு வேலைக்கும் போயிட்டான். ஆனா அவன் சாவுக்கு வந்தவங்ககிட்ட சுகுணா என்ன சொன்னா தெரியுங்களா? "டாக்டர் மூணு வருசம் உசுரை இழுத்துக் குடுத்தாரு"ன்னா. டாக்டராமா. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கறன். என் பேரு அவ வாயில வரலை. உங்க பாலிசியில நாமினின்னு போட்டிருக்குதே, அதுலயும் அவ பேரு ஒண்ணுதான். மாட்டலை வித்தவ பேரு எங்கயும் கெடையாது, அந்த ரசீதுல மட்டும்தான் இருக்குது.

பாலிசி போட்டது அதுக்கு அப்பறம், ஆவணியில. ஏஜென்ட்டு பழனிவேலு நல்ல மனுசன், ஒரு தொந்தரவும் குடுக்கலை. இதே நாற்காலியில உக்காந்து பேரு, வயசு, ஒசரம் கேட்டாரு. அப்பறம் ரண்டு பக்கம் பூராவும் கேள்வி. சர்க்கரை இருக்குதா, நெஞ்சு வலி இருக்குதா, கிட்னி எப்படின்னு. அவரு கேக்கவே இல்லை, மேலருந்து கீழ வரைக்கும் இல்லை இல்லைன்னு டிக்கு அடிச்சுக்கிட்டே போனாரு. சென்னியப்பன்கூட, "கிட்னின்னு போட்டிருக்குதுங்களே, சொல்ல வேண்டாங்களா"ன்னு கேட்டான். "அதைச் சொன்னா டெஸ்ட்டுக்குக் கூப்பிடுவாங்க, பணமும் அதிகமாக் கட்டச் சொல்லுவாங்க. இப்பத்தான் நல்லா இருக்கறீங்களே, போடுங்க கையெழுத்தை"ன்னாரு. அவனும் போட்டான்.

டாக்டர் சீட்டா? அதைச் சொன்னாத்தான் எனக்கு வயிறு எரியுது. ஒரு பை நெறைய வெச்சிருந்தமுங்க, ரத்தம் பாத்தது, ஸ்கேன் எடுத்தது, எல்லாம் தேதிவாரியா. அவனை எடுத்த மூணாம் நாளு காலையில நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போறன், சுகுணா தண்ணி காய வெக்கற அடுப்புகிட்டக் குத்தவெச்சு உக்காந்து ஒவ்வொண்ணா உள்ள போட்டுக்கிட்டிருக்கறா. ஸ்கேன் படம் எரியாமச் சுருண்டுச்சு, அதைக் குச்சியில அமுக்கி எரிக்கறா. என்னடி பண்றேன்னன். இருந்து என்னத்துக்குங்கக்காங்கறா. புருசன் நெனைப்பா இருந்தது அந்தப் பை ஒண்ணு. அதைக்கூட வெச்சுக்க மனசு வரலை பாருங்க. அத்தனைதான் பாசம்.

ஏனுங்க தம்பி, பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க?

சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டன்.

சித்த மெதுவாச் சொல்லுங்க, எனக்குப் புரியோணும்.

பாலிசி போடறதுக்கு முன்னாலயே சீக்கு இருந்து, அதை ஃபாரத்துல சொல்லாம உட்டிருந்தா பணம் வராதா? டிக்கு அடிச்சது ஏஜென்ட்டா இருந்தாலும் கையெழுத்துப் போட்டவன் சென்னியப்பன்தான்னு சொல்லுவாங்களா? ஆனா நாங்க நல்லாப் பாத்துக்கிட்டமுங்களே தம்பி. வைத்தியம் பாத்தமுங்களே. மாட்டுக்கு அப்படித்தான...

மாடு வேற, மனுசன் வேறயா.

மூணு வருசம் தாண்டியிருந்தா இதையெல்லாம் கெளற மாட்டீங்களா? அவன் போனது ரண்டரை வருசத்துல. அப்ப இன்னும் ஆறு மாசம் மூச்சை இழுத்துப் புடிச்சிருந்தான்னா நீங்க இந்த வாசப்படியே மிதிச்சிருக்க மாட்டீங்க. அடப் பாவமே. நாந்தான் பங்குனி வரைக்கும் ஓட்டிருவான்னு நெனைச்சன், தையிலயே போயிட்டான்.

ஓ.

அதுக்குத்தான் எரிச்சாளா.

அதுக்குத்தான் எரிச்சிருக்கறா பாருங்க. நாலு மாசமா இதே ஊட்டுல எங்கூடத்தான் ஒரே சட்டியில சோறு திங்கறா. ஒரு வார்த்தை சொல்லலை. ஏஜென்ட்டுகிட்டப் பேசியிருக்கறா, அவ அண்ணன்கிட்டப் பேசியிருக்கறா, எங்கிட்ட மட்டும் பேசலை. "அக்கா, இப்படி இப்படி சமாச்சாரம், ஆராச்சும் கேட்டா சொல்லிப்போடாதீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன, மைக்கு வெச்சா சொல்லப்போறன்? பேச வேண்டாம், தண்ணி மட்டும் குடுங்கறா. என்னைக் கண்டா அவளுக்கு வேலைக்காரியாட்டத் தெரியுது.

நீங்க சொல்றது புரியுதுங்க. ஆஸ்பத்திரி சீட்டு ஒண்ணும் உங்க கையில கெடைக்கலை. ஈரோட்டுல எந்த ஆஸ்பத்திரின்னும் உங்களுக்குத் தெரியாது. இந்த ரசீது ஒண்ணுதான். நான் தேதியைத் தப்பா நெனைச்சுக்கிட்டனோன்னு கேக்கறீங்க. ரசீதை எடுத்து உள்ள வெச்சிருங்க, நான் பாக்கலைன்னு வெச்சுக்கறன்னும் சொல்றீங்க. நல்ல மனசு தம்பி உங்களுக்கு. உங்கம்மா நல்லா வளத்தியிருக்கறாங்க.

ஆனா பதினஞ்சு லட்சம் வந்தா அவ என்ன பண்ணுவா தெரியுங்களா? அவ அண்ணன்கிட்டப் போன்ல சொன்னதை நான் கேட்டன். துணி காயப் போடற மாதிரி மொட்டை மாடிக்குப் போயிப் பேசுனா, நான் படியில நின்னு கேட்டன். கோயமுத்தூருல புள்ளையோட காலேஜுக்குப் பக்கத்துல ஊடு புடிக்கறாங்களாம். ஒரு தையல் மிஷின் வாங்கிப் போட்டுக்கறாளாம். "இங்க இருந்தா நான் சாகற வரைக்கும் அவங்களுக்கு ஆக்கிப் போட்டுக்கிட்டே கெடக்கோணும்ணா. தர்ஷினியாச்சும் வெளிய வரட்டும்"னா. இந்த வாயாலதான் சொன்னா.

தர்ஷினி சென்னியப்பன் பொண்ணுங்க, ரண்டாவது வருசம் படிக்கறா. பொறந்தப்ப சுகுணாவுக்குக் காச்சலு, நாப்பது நாளு அந்தப் புள்ளை எம் மடியிலதான் கெடந்துச்சு. எனக்கு மொழங்கால் ரண்டும் போச்சு. எங்கூட்டுக்காரரு தோட்டம் போனா பொழுதோடதான் வருவாரு, வந்தாலும் டிவிகூடத்தான் பேசுவாரு. அவங்க ரண்டு பேரும் கெளம்பிட்டா நான் இத்தாப் பெரிய ஊட்டுல ஒத்தையாக் கெடந்து என்ன பண்ணட்டும்? எனக்குப் பயமா இருக்குதுங்க. ராத்திரி ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுக்க ஆளு வேண்டாமா?

கோயமுத்தூரு என்ன லேசுப்பட்ட ஊரா? தனியா ஒரு பொம்பளையும் ஒரு வயசுப் புள்ளையும். பணம் கையில இருக்குதுன்னு தெரிஞ்சா அவ அண்ணனே ரண்டு வருசத்துல கரைச்சுப்போடுவான். இங்க இருந்தா சோத்துக்குக் கொறை வெப்பனா? படிப்பு நின்னாத்தான் என்ன, பொண்ணுக்கு வயசாகுது, பக்கத்துலயே ஒரு நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துரலாம். நெனைச்சுப் பாத்தா சுகுணாவுக்கும் இதுதான் நல்லது. அவளுக்குத் தெரியலை, நாமதான் தெரிஞ்சு செய்யோணும்.

அதனால சொல்றன். எழுதிக்குங்க தம்பி. தேதி தப்பில்லை. மாசி மாசம் நேர்த்தி தீத்தன், ஆவணியில பாலிசி போட்டான். ஆஸ்பத்திரியா? ஈரோட்டுல பெருந்துறை ரோட்டுல, மாடிப்படிக்குக் கீழ மருந்துக்கடை இருக்கும், முன்னால ஒரு வேப்பமரம். பேரு உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், போனீங்கன்னா தெரியும். சென்னியப்பன் பேரு சொன்னா அவங்க கம்ப்யூட்டருல இருக்கும். அதை அவ எரிக்க முடியாதில்லைங்க.

எதுக்கு என்னையே பாக்கறீங்க? நான் என்ன இல்லாததையா சொல்லிப்போட்டன்? சாமி முத்திரை போட்ட ரசீது. அதை மறைச்சா சாமிக்கே பொய்யுரைச்ச மாதிரி. எனக்குப் பொய் வராதுங்க தம்பி. அப்படி வளந்துட்டன். நீங்க கம்பெனி சம்பளம் வாங்கிட்டு எடுத்து உள்ள வெய்யுங்கறீங்களே, அது உங்களுக்கே அடுக்குங்களா? நாளைக்கு உங்க மேலதிகாரி ஊட்டுக்கு வந்து எங்கிட்டக் கேட்டா நான் அவருகிட்டயும் உள்ளதைத்தான சொல்லோணும். உங்க வேலைக்கு வெனையாப் போயிரும். எனக்கு உங்க மேலயும் அக்கறை இருக்குது.

அப்படி வாங்க வழிக்கு. போட்டோ எடுத்துக்குங்க, ரசீதைக் குடுக்க மாட்டன். ரசீது மறுக்கா சாமி படத்துக்குப் பின்னாலயே போயிரோணும். வெளிச்சம் பத்தலைன்னா சன்னல்கிட்டப் புடிக்கறன். தேதி விழுந்துச்சுங்களா? பெருசு பண்ணிப் பாருங்க. ம், நல்லா விழுந்திருக்குது.

எங்க கையெழுத்து? இங்கயா? இப்பவே போட்டுடறன், அவ வர்ற நேரமாச்சு. பா... வாத்... தாள். சுழி ஒண்ணு விட்டுப்போச்சு, பரவாயில்லைங்களா? ஓட்டுப் போடற எடத்தைத் தவிர என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆரும் கேட்டதில்லை தம்பி. இந்த ஊட்டுப் பத்திரத்துலகூட எம்பேரு இல்லை.

வந்துட்டா பாருங்க, கேட்டுத் தொறக்கற சத்தம். பேப்பரைப் பையில போட்டுக்குங்க.

வா அம்மிணி. மூஞ்சியெல்லாம் வேர்த்துப் போச்சு, சித்த உக்காரு. எல்லாம் ரண்டு ரண்டு காப்பி எடுத்தியா? சாருகிட்டக் குடு. அட, கலரு வேற வாங்கிட்டு வந்திருக்கறயா அவருக்கு? பாத்தீங்களா தம்பி, எங்க சுகுணாவுக்கு மனசு எப்படின்னு. குடிங்க, வேண்டாம்னு சொல்லாதீங்க, வெய்யில்ல நடந்து போயி வாங்கிட்டு வந்திருக்கறா.

எப்ப சார் பணம் வரும்னு அவரை எதுக்குக் கேக்கறே? அவரு என்ன சொல்லுவாரு, பாவம். ஆபீசுல போயிப் பாத்து லெட்டரு போடுவாங்க. வர்றப்ப வரும். உனக்கு என்ன அவசரம், நீ எங்க போகப்போறே, இங்கதான இருக்கறே.

நானா? நான் என்னத்தைப் பேசறன் கண்ணு, வாயே தொறக்கலை. நீ சொன்னாப்பல தண்ணி மட்டுந்தான் குடுத்தன்.